அலாஸ்காவுக்கு முதற் பயணம்: கப்பலிலும் கரையிலும்

அலாஸ்கா என்றதும் பனிக்கரடியும் பனிக்கட்டி வீடும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். கப்பலில் செல்லும் பயணி இவ்விரண்டையும் காண்பதில்லை. பனிக்கரடிகள் வாழ்வது வடக்கேயுள்ள ஆர்க்டிக் கரையில். பயணிகள் கப்பல்கள் செல்வதோ மழைக்காடுகள் அடர்ந்த தென்கிழக்குக் கரையோரமாக. அங்குள்ள கெச்சிக்கன் என்ற சிறு நகரில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. எமது நாட்டில் 2,500 மில்லிமீற்றர் பெய்தாலே அதை ஈரவலயம் என்கிறோம். ஆகவே அலாஸ்காவுக்குப் பெட்டி கட்டுபவர் தடித்த கம்பளிக் கோட்டைத் தேடுமுன் நல்ல மழைக்கோட்டொன்றைத் தேடுவது நல்லது.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளோ உறவினரோ எம்மவரை இத்தகைய பயணங்களுக்கு அழைப்பது இப்போது புதினமான விடயமல்ல. அழைப்பு வந்ததும் விளம்பரப் படங்களைப் பார்த்துக் கப்பலைத் தெரிவுசெய்து விடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. முதலில் தெரிவுசெய்ய வேண்டியது கப்பலையல்ல, பாதையை.

அலாஸ்காவின் பரப்பு இலங்கையைப் போல ஏறத்தாழ 26 மடங்கு. அங்கு வாழ்வோர் எட்டு இலட்சம் பேர்கூட இல்லை. தலைநகரான ஜூனோவுக்கு வெளியிலிருந்து செல்ல வீதியே கிடையாது. மலையும் பனியும் மறித்து நிற்பதால் கடல் வழியாக அல்லது ஆகாய வழியாகத்தான் போகலாம். தென்கிழக்கைப் பார்க்கக் கப்பல் சிறந்த வழியாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் டெனாலி மலையும் உள்நாட்டுச் சமவெளிகளும் கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ளன. அவற்றுக்குப் புகையிரதமோ பஸ்ஸோ வேண்டும். ஆகவேதான் முழுப் பயணம் கடற்பகுதி, தரைப்பகுதி என இரண்டாகப் பிரிகிறது.

கடற்பாதையை நிர்ணயிப்பதில் 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்றுக்குப் பெரும் பங்குண்டு. அந்நிய நாட்டுக் கப்பல்கள் அமெரிக்காவின் ஒரு துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி, அந்நாட்டின் இன்னொரு துறைமுகத்துக்கு நேரே கொண்டுபோய் இறக்குவதை அது தடுக்கிறது. இன்றைய பெரிய பயணிகள் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாடுகளில் பதிவு பெற்றவை. எனவே சியாட்டிலில் தொடங்கிச் சியாட்டிலிலேயே முடியும் கப்பலும் வழியில் விக்டோரியா போன்ற ஒரு கனேடியத் துறைமுகத்தைத் தொட வேண்டியிருக்கிறது. ஒருவழிக் கப்பல்கள் கனடாவின் வன்கூவரிலிருந்து புறப்பட்டு அலாஸ்காவின் சீவார்ட் அல்லது விட்டியர் துறைமுகத்தில் முடிகின்றன, மறுதிசையிலும் வருகின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியதும் அலாஸ்காப் பயணங்களே நின்றுபோயின. 2021 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் தற்காலிக விலக்களிக்கும் சட்டமொன்றை நிறைவேற்றிய பின்னரே கப்பல்கள் மீண்டும் ஓடின.

இந்தப் பழைய சட்டம் எமக்கு ஏன்? இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அமெரிக்க விசாவோடு கனேடிய விசாவும் பெற வேண்டும் என்பதுதான் விடயம். "அலாஸ்கா அமெரிக்காவில்தானே இருக்கிறது" என்று ஒரு விசாவுடன் துறைமுகத்துக்குப் போனால், உம்மாவும் வாப்பாவும் பெட்டியோடு கரையிலேயே நிற்க நேரும். பல தடவை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருப்பது நல்லது. இரண்டும் கைக்கு வரும்வரை, திருப்பித் தரமாட்டாத கட்டணம் எதையும் செலுத்த வேண்டாம்.

தரைப்பகுதியும் வேண்டுமென்றால் ஒருவழிக் கப்பலே பொருத்தம். தரையை முதலில் முடித்துவிட்டுக் கப்பல் ஏறுவதையே நான் விரும்புவேன். தரையில் விடியற்காலையில் எழும்ப வேண்டும், விடுதி மாற வேண்டும், பெட்டியைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும். வயதானவர்களுக்கு அது களைப்பு. கப்பலில் ஏழு இரவுகளும் ஒரே அறை. களைப்பை அங்கே ஆற்றிக்கொள்ளலாம். உதாரணமாக, விமானத்தில் ஃபெயார்பாங்ஸ் போய், அங்கிருந்து நான்கு மணித்தியாலம் புகையிரதத்தில் டெனாலிக்கு வந்து தங்கலாம். பின்பு இன்னொரு நாள் முழுக்கப் புகையிரதத்தில் அங்கரேஜ் வந்து, அங்கிருந்து கப்பலுக்குப் போகலாம். விட்டியரில் கப்பல் ஏறுவோர் மலையைக் குடைந்த நான்கு கிலோமீற்றர் சுரங்கமொன்றைக் கடப்பர். ஒரே பாதையில் புகையிரதமும் மோட்டார் வாகனங்களும் முறைவைத்துப் போகும் சுரங்கம் அது.

டெனாலியில் ஓரிரவு மட்டும் தங்குவதுதான் பலர் விடும் தவறு. 6,190 மீற்றர் உயரமான இம்மலை வட அமெரிக்காவிலேயே உயர்ந்தது. (2025 முதல் அமெரிக்க அரசு இதனை மீண்டும் மெக்கின்லி என அழைக்கிறது, தேசியப் பூங்காவின் பெயர் டெனாலிதான்.) உயரத்தின் காரணமாகவே அது முகிலுக்குள் மறைந்துவிடுகிறது. கோடையில் வருவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே மலையைக் காண்கின்றனர். இரண்டு இரவுகள், முடிந்தால் மூன்று, ஒதுக்கினால் வாய்ப்புக் கூடும். மலை தெரியாத நாளிலும் கரடி, மூஸ் மான், கரிபூ மான் என்பவற்றை பஸ்ஸிலிருந்து காணலாம். கரடியிலிருந்து 275 மீற்றராவது விலகி நிற்க வேண்டுமென்பது அங்குள்ள விதி. 148 கிலோமீற்றர் நீளமான பூங்கா வீதி 2021இல் மண்சரிவினால் ஏறத்தாழ நடுவில் துண்டிக்கப்பட்டது. பஸ்கள் எதுவரை போகின்றன என்பதைப் பதிவுசெய்யுமுன் கேட்டறிய வேண்டும்.

கடற்பகுதியில் எதை விட்டாலும் பனிக்கட்டியாறு விரிகுடாவை விடக்கூடாது. 1794இல் கப்டன் வன்கூவரின் மாலுமிகள் அவ்வழியே வந்தபோது அங்கே விரிகுடா என்று சொல்ல ஒன்றுமிருக்கவில்லை. கரையில் சிறிய ஒரு வளைவும் அதன்பின் பிரமாண்டமான பனிச்சுவருமே நின்றன. 1879இல் இயற்கையியலாளர் ஜோன் மியூர் வந்தபோது பனி 48 கிலோமீற்றருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1916இல் அது ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உள்ளே போய்விட்டது. இன்று கப்பல் மிதக்கும் கடல் அன்று பனி கிடந்த இடம். அதற்கும் முன்னர் அது ஹூனா டிலிங்கிற் மக்களின் ஊர். முன்னேறி வந்த பனி அவர்களைத் துரத்தியது. பிறகு பனி விலகியும் அவர்கள் பழைய வாழ்வுக்குத் திரும்ப முடியவில்லை, இடம் அரசின் பூங்காவாகிவிட்டது. 2016இல்தான் அம்மக்களின் குல மண்டபமொன்று விரிகுடாக் கரையில் மீண்டும் எழுந்தது.

இவ்விரிகுடாவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கே அனுமதி. ஆகவே பயண அட்டவணையில் இதன் பெயர் உண்டா என்று பார்த்துப் பதியுங்கள். இல்லாவிட்டால் ஹபார்ட் பனிக்கட்டியாறு இருக்கிறதா என்று பாருங்கள். ஏனையவை சுருங்கும்போது நூறு வருடங்களுக்கு மேலாக முன்னேறிவரும் விசித்திரமான பனிக்கட்டியாறு அது. பனியின் எதிரில் கப்பல் மெதுவாகச் சுற்றித் திரும்புவதால், அந்தக் காட்சிக்காக மட்டும் பல்கனி அறைக்கு மேலதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. மேல்தளத்தில் நின்றால் எல்லாம் தெரியும். குளிர் நன்றாக இறங்குவது அங்கேதான். தொப்பியும் கையுறையும் வேண்டும்.

பருவகாலம் மே முதல் செப்டெம்பர் வரை. தென்கிழக்கில் மே மாதத்தில் மழை குறைவு. ஜூனில் ஃபெயார்பாங்ஸில் ஏறத்தாழ 22 மணித்தியாலம் வெளிச்சம் இருக்கும். தூங்குவதற்குக் கண்மறைப்புத் துணி எடுத்துச் செல்லுங்கள், நுளம்பு விரட்டியும் மறக்க வேண்டாம். (ஆம், அங்கும் நுளம்பு!) வடதுருவ ஒளியைக் காண விரும்புவோர் ஓகஸ்ட் கடைசிக்குப் பின் உள்நாட்டுக்குப் போக வேண்டும். ஆனால் செப்டெம்பரில் கரையோரத்தில் மழை அதிகம். இரண்டையும் ஒன்றாகப் பெற முடியாது.

போகுமிடத்து மக்களையும் ஒருகணம் நினைக்க வேண்டும். ஜூனோவில் வாழ்வோர் முப்பதாயிரம் பேரளவில். கோடை நாளொன்றில் அதில் பாதிப்பேர் அளவுக்குக் கப்பல்களிலிருந்து இறங்குவதுண்டு. நகரசபையும் கப்பல் நிறுவனங்களும் 2024இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2026 முதல் நாளொன்றுக்கு 16,000 பயணிகளுக்கும் சனிக்கிழமைகளில் 12,000 பேருக்கும் மட்டுமே இடமுள்ள அளவில் கப்பல்கள் வரலாமென்பது அதன் சாரம். சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வேண்டாமென்ற யோசனையை நகர மக்கள் வாக்களித்து நிராகரித்தனர். வருமானமும் வேண்டும், நெரிசலும் கூடாது என்ற இக்கட்டு எமது சுற்றுலா நகரங்களுக்கும் தெரிந்ததுதான்.

ஸ்காக்வே துறைமுகத்தில் இறங்கினால் 1898இல் கட்டத் தொடங்கிய மலைப் புகையிரதத்தில் ஏறலாம். பொன் தேடிக் குளோண்டைக் சென்றோரில் பலர் அவ்வழியாகக் கனடாவுக்குள் நுழைந்தனர். ஒரு வருடத்துக்கான உணவைக் காட்டாதவரை எல்லையிலேயே கனேடியக் காவலர் திருப்பியனுப்பினர். உணவும் ஏனைய பொருட்களுமாக ஒருவருக்கு ஒரு தொன் அளவு வந்தது. அதைச் சிறு சிறு மூட்டைகளாகப் பலமுறை ஏறியிறங்கி முதுகில் சுமந்தார்கள். இன்று அதே கணவாயில் கண்ணாடி யன்னலோரம் உட்கார்ந்து போகிறோம். எல்லைக்கு அப்பால் இறங்கும் சுற்றுலாவைத் தெரிவுசெய்தால், கனேடிய விசா ஒட்டிய கடவுச்சீட்டைக் கப்பல் அறையில் விட்டுவிடாமல் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.