இல்லாத இசைக்குழுவின் வரலாறு

நாவல் என்றால் ஆசிரியர் கதை சொல்வார். அன்றேல், பாத்திரங்களுள் ஒருவர் சொல்வார். இவ்விரண்டும் மாணவர்களாகிய உங்களுக்குப் பழகிய வழிகள். டெய்லர் ஜென்கின்ஸ் ரீட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டெய்சி ஜோன்ஸ் அண்ட் தி சிக்ஸ்' என்னும் நாவலோ வேறு வழியில் நடக்கிறது. ஏறத்தாழ நூல் முழுவதும் பேட்டிகளே.

1970-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் புகழின் உச்சியை எட்டிய ஒரு ராக் இசைக்குழு, 1979-இல் சிக்காகோவில் பாடிய இரவோடு கலைந்துவிடுகிறது. காரணத்தை எவரும் வெளியிடவில்லை. பல்லாண்டுகள் கழித்து ஒருவர், குழுவினரையும் உடனிருந்தோரையும் கண்டு பேசி, அவர்கள் சொன்னவற்றைத் தொகுக்கிறார்.

குழு கற்பனையே. எனினும் அதற்குப் பின்னால் ஓர் உண்மைக் குழுவின் சாயல் உண்டு. 'ஃப்ளீட்வுட் மேக்' குழுவினர் தம்முள் காதலும் மணமும் முறிந்துகொண்டிருந்த வேளையில்தான், 1977-இல் வெளிவந்த 'ரூமர்ஸ்' என்னும் இசைத்தட்டை உருவாக்கினர். பிரிந்துவிட்ட இருவர் ஒரே மேடையில் ஒருவரையொருவர் நோக்கிப் பாடினால், கேட்போர் மனம் எதை எண்ணும்? ஆசிரியரின் கற்பனைக்கு வித்து அதுவே.

குழுவின் தலைவன் பில்லி டன். முதற் சுற்றுப்பயணத்திலேயே குடிக்கும் போதைப் பொருளுக்கும் அடிமையாகி, மகள் பிறந்த பின் மீண்டவன். அவனைத் தாங்கி நிற்பவள் மனைவி கமிலா. பின்னர் வந்து சேரும் டெய்சியோ செல்வக் குடும்பத்தில் கவனிப்பாரற்று வளர்ந்தவள், இயல்பான குரல்வளம் உடையவள், போதையை விடாதவள். இருவரும் கூடிப் பாட்டெழுதும்போது பிறக்கும் நெருக்கத்தைப் பில்லி அஞ்சுகிறான். அவன் அஞ்சுவது அவளை மட்டுமன்று. அவளிடத்தில் காணும் தன் பழைய உருவத்தையும்தான்.

நிற்க. பேட்டி வடிவத்தால் விளைந்த பயன் யாது? குழுவில் எடி என்றொரு கித்தார்க் கலைஞன் இருக்கிறான். தன் வாசிப்பில் பில்லி கைவைப்பதை அவன் ஆணவம் என்கிறான். பில்லிக்கோ அது பாட்டின் நன்மைக்காகச் செய்த வேலை. இருவரும் பொய்யர் அல்லர். தீர்ப்புக் கூற நடுவே ஆசிரியர் குரல் இல்லாமையால், நாமே சான்றுகளை எடைபோட வேண்டியிருக்கிறது. வரலாறு பயிலும் மாணவர் இதனைப் படித்தால், நேரிற் கண்டவர் சாட்சியத்தையும் எவ்வளவு எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பது விளங்கும்.

கேள்வி கேட்பவர் யார் என்பது இறுதியில்தான் புலனாகிறது. அவள் பில்லி, கமிலா இருவருக்கும் பிறந்த மகள் ஜூலியா. சிக்காகோ இரவில் கமிலா தன்னிடம் பேசியதை டெய்சி இந்த மகளிடமே எடுத்துரைக்கிறாள். கமிலா அப்போது உயிருடன் இல்லை. தன் தந்தையின் மனம் எங்கெல்லாம் அலைந்தது என்பதைப் பெற்ற மகளே கேட்டு எழுதிக்கொள்ளும் அப்பகுதியை நான் மறுமுறை படித்தபோது, முன்னர்ச் சாதாரணமாகத் தோன்றிய விடைகள் பல வேறு பொருள் தந்தன. அன்னோர் ஒவ்வொருவரும் யார் முன்னிலையில் பேசினர் என்பது இப்போது தெரிந்துவிட்டதல்லவா!

அக்குழுவின் 'அரோரா' என்னும் தட்டில் உள்ள பாடல்களையும் ஆசிரியரே இயற்றி நூலின் முடிவில் சேர்த்திருக்கிறார். 2023-இல் கதை தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, அதே பெயரில் ஓர் இசைத்தொகுப்பு வேறு பாடல்களுடன் உண்மையாகவே வெளியாயிற்று. என்னளவில், நூலைப் படிக்கையில் மனத்துக்குள் ஒலித்த இசையே இனிது.