மடிக்கணினி ஊமையானால்

2024ஆம் ஆண்டு மே மாதம். டில்லியில் வெயிலும், இங்குள்ளோர் ‘ஆந்தி’ என்று கூறும் புழுதிக்காற்றும் போட்டியிட்ட நாட்கள். கோடை ஆய்வுப் பயிற்சிக்காகக் காணொலி வழியே எனக்கு நேர்காணல் நடக்க மூன்று நாட்களே இருந்தன. அன்று மாலை மடிக்கணினியைத் திறந்தேன். படம் ஓடிற்று, ஒலி மட்டும் இல்லை. கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “மதர்போர்டு போய்விட்டது, எட்டாயிரம் ஆகும்” என்றார். எதிர்த்துக் கேட்க என் இந்தி போதவில்லை. எடுத்துக் கொடுக்க உதவித்தொகையும் வந்து சேரவில்லை. ஊருக்குச் சொன்னால் அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து அனுப்பிவிடுவார். அதை நினைத்தபோதுதான் நெஞ்சு கனத்தது.

இரவு விடுதியில், இயற்பியல் ஆய்வு மாணவியான அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “ஏம்மா, இயர்போன் மாட்டிப் பார்த்தியா?”

இல்லை. என்னிடம் இருந்தது கம்பி அறுந்து என்றோ குப்பைக்குப் போய்விட்டது. “சயின்ஸ் படிக்கிற பிள்ளை, ஒரு சோதனைகூடச் செய்யாம எட்டாயிரத்துக்குத் தலையாட்டிட்டு வந்தியா?” என்று சிரித்தபடியே தம்முடையதை நீட்டினார். அந்த ஒரு கேள்வியின் பயனை நண்பர்கள் அனைவருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலி வரும் வழி

கணினிக்குள் இருக்கும் பாட்டு, பாட்டன்று. வெறும் எண்களின் வரிசை. பெரும்பாலும் நொடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள் வீதம், வலச் செவிக்கும் இடச் செவிக்கும் தனித்தனியே அவை அடுக்கப்பட்டுள்ளன. பாட்டை இசைக்கும் நிரல் இவ்வெண்களை எடுத்து இயக்க அமைப்பிடம் தருகின்றது. அது, டிரைவர் எனப்படும் சிறு நிரலின் வாயிலாக, பலகையில் உள்ள ஒலிச்சில்லிடம் அனுப்புகின்றது. சில்லு எண்களை மின்னோட்டமாக மாற்றுகின்றது. அம்மின்னோட்டம் வலுவூட்டப்பெற்று, காந்தத்தின் அருகே தொங்கும் கம்பிச்சுருளில் பாய்கின்றது. சுருள் அசைய, அதனோடு ஒட்டிய தாள் போன்ற கூம்பு அசைய, காற்று அசைகின்றது, நாம் கேட்கின்றோம். ரைசும் கெல்லாக்கும் 1925இல் வெளியிட்ட ஒலிபெருக்கியின் தத்துவமே இன்றும் நம் மடிமீது இருக்கின்றது.

இத்தனை கண்ணிகளில் எது அறுந்தாலும் விளைவு ஒன்றே: மௌனம். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் அணையே உடைந்தது என்று எந்த உழவரும் முடிவு கட்டுவதில்லை. வாய்க்காலின் நடுவே ஒரு மதகைத் திறந்து பார்ப்பார். அங்கே நீர் இருந்தால் அடைப்பு அதற்குக் கீழே. இல்லையேல் அதற்கு மேலே. ஒரே பார்வையில் பாதி வழி ஆராய்ச்சியிலிருந்து நீங்கிவிடுகின்றது. கணினியில் அந்த நடு மதகுதான் இயர்போன் துளை.

நடு மதகுச் சோதனை

கம்பியுள்ள இயர்போனைச் செருகுங்கள். அதில் ஒலி கேட்கின்றதா? அப்படியானால் நிரல், டிரைவர், ஒலிச்சில்லு ஆகியவை பெரும்பாலும் நலமே. குறை ஒலிபெருக்கியிலோ, அதற்குச் செல்லும் கம்பியிலோ, இயர்போன் துளையிலோ இருத்தல் வேண்டும்.

துளையிலா? ஆம். அதனுள்ளே மெல்லிய உலோகத் தகட்டாலான சிறு விசை ஒன்று உண்டு. இயர்போனின் முனை அதைத் தள்ளியதும், ‘இனி ஒலிபெருக்கி வேண்டா’ என்று கணினி அறிந்துகொள்கின்றது. புழுதியோ பைக்குள் இருக்கும் பஞ்சோ புகுந்து அவ்விசை சிக்கிக்கொண்டால், இயர்போனைக் கழற்றிய பின்னும் அது செருகியே இருப்பதாகக் கணினி எண்ணிக்கொண்டிருக்கும். திரையின் ஒலிக்குறியை அழுத்தினால் ‘ஹெட்போன்’ என்றே காட்டும். என் கணினியின் நோயும் இதுவே. அக்காவின் இயர்போனில் பாட்டு தெளிவாகக் கேட்டது. கழற்றினால் மீண்டும் மௌனம்.

மருந்து எளிது. கணினியை முற்றிலும் அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிட்டு, ஒளிப்படக் கருவியைத் துடைக்கும் ரப்பர் ஊதுகுழலால் துளையில் காற்றடித்தோம். பின்னர் இயர்போன் முனையைப் பத்து முறை செருகி எடுத்தோம். ஊசி, நீர் இரண்டும் ஆகா. வாயால் ஊதினால் ஈரம் புகும், அதுவும் ஆகாது. அரை மணியில் என் கணினி வாய் திறந்தது. செலவு ஒரு காசும் இல்லை.

வேறு வீட்டுக்குப் போன ஒலி

கருத்தரங்கில் கணினியைப் படவீழ்த்தியோடு எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைத்துப் பேசிவிட்டு அறைக்குத் திரும்பியபின் ஒலி வராதது பலருக்கும் நேர்வது. அடுத்த அறையில் கிடக்கும் புளூடூத் கருவி தானாக இணைந்துகொண்டு ஒலியை வாங்கிக்கொள்வதும் உண்டு. ஒலிக்குறியை அழுத்தி, ஒலி செல்லும் இடம் எதுவெனப் பார்த்து, ‘ஸ்பீக்கர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரே ஒரு நிரல் மட்டும் ஊமையாயிருந்தால் ‘வால்யூம் மிக்சர்’ பகுதியில் அதன் ஒலி குறைக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டிலும் ஒலி இல்லையேல்

இப்பொழுது மதகுக்கு மேலே தேடுதல் வேண்டும். முதலில் கணினியை மறுதொடக்கம் செய்க. ‘நேற்றே அணைத்து எழுப்பினேனே’ என்பீர். விண்டோஸில் விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடு இருந்தால், அணைக்கும்போது டிரைவர்களின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்பி வரும்; நோயும் உடன் வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதிலும் தீராவிடில், ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து ஒலிக்கருவியை நீக்கி மறுதொடக்கம் செய்க. விண்டோஸ் தானே மீண்டும் அமர்த்தும். புதுப்பித்தல் ஒன்றுக்குப் பின் வந்த குறையாயின், ‘ரோல் பேக்’ வழியே பழைய டிரைவருக்குத் திரும்பலாம். லினக்ஸ் பயன்படுத்துவோர் ‘அல்சாமிக்சர்’ திறந்து, கோடுகளின் கீழே ‘எம்எம்’ என்றிருந்தால் எம் விசையை அழுத்துக, வாய்ப்பூட்டு கழன்றுவிடும்.

இறுதித் தீர்ப்புக்கும் ஒரு வழி உண்டு. பென்டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸைப் பதித்து, கணினியில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அங்கே ஒலி கேட்டால் கருவி நலம், குறை நிரலில் என்பது உறுதி. கடைக்காரர் பலகையை மாற்றச் சொன்னால் மறுக்கலாம். கேட்காவிட்டால் மட்டும் உடனே கருவி மீது பழி போடற்க. சில புதிய கணினிகளின் ஒலிச்சில்லை லினக்ஸ் அறியாதிருக்கக்கூடும்.

கரகரப்பும் கம்மலும்

ஒலி வந்தும் இடையிடையே ‘டப் டப்’ என வெட்டுகின்றதா? ஒலிச்சில்லை ஒரு தொட்டியிலிருந்து ஒரே சீராக நீர் எடுப்பவராகக் கொள்க. மையச் செயலி அத்தொட்டியை நிரப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். செயலிக்கு வேறு வேலை மிகுந்து நிரப்பத் தாமதித்தால் தொட்டி வறளும், அக்கணமே வெட்டு. திறந்து கிடக்கும் நிரல்களை மூடுவதும், மின்சேமிப்பு நிலையை விலக்குவதும் பயன் தரும். சில குரல்களுக்கு மட்டும் அதிர்வொலி கேட்டு, இயர்போனில் தெளிவாயிருந்தால், கூம்பு கிழிந்தது என்று ஐயுறலாம்.

புளூடூத் இயர்போனில் இனிமையாகக் கேட்ட குரல், இணையவழி வகுப்பில் பழைய தொலைபேசிபோல் கம்முவது ஏன்? ஒலிவாங்கியும் சேர்ந்து இயங்கும்போது பல கருவிகள் அழைப்பு முறைக்கு மாறுகின்றன; நொடிக்கு 8,000 அல்லது 16,000 எண்களே அங்கே செல்கின்றன. கணினியின் சொந்த ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுத்தால் இனிமை திரும்பும்.

கடைக்குச் செல்லுமுன்

ஒலிபெருக்கி கிழிந்திருந்தால் கடைக்குத்தான் செல்லவேண்டும். அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஒலிச்சில்லே கெட்டிருந்தாலும் கலங்கற்க. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. ஒலிக்கருவியைச் செருகினால் இயர்போனில் கேட்கலாம். அதற்கெனத் தனிச் சில்லு அதனுள்ளேயே உண்டு.

என் நேர்காணல் குறித்த நாளில் நடந்தது. கேட்கப்பட்ட கேள்விகள் அனைத்தும் தெளிவாகக் கேட்டன. என் விடைகள்தாம் அத்துணைத் தெளிவாக இல்லை! அம்மாவின் சீட்டுப் பணம் சீட்டிலேயே இருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தறியும் நாம், வெளியே வந்ததும் அதை மறந்துவிடுகின்றோம். மொழி தெரியாத ஊரில் ஒருவர் உறுதியாகச் சொன்னால் அதுவே உண்மை என்று நம்பிவிடுகின்றோம். நண்பர்களே, பணப்பையைத் திறக்குமுன் ஒரு மதகைத் திறந்து பாருங்கள். இயர்போன் இல்லையேல் எங்கள் விடுதிக்கு வாருங்கள். இப்பொழுது என்னிடம் இரண்டு இருக்கின்றன.