வயர் இல்லாத கருவிகள்: வீட்டில் கவனிக்க வேண்டியவை

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூடாயிலோ மாசாயிலோ ஒரு தாமான் வீடு. புதுத் திரைச்சீலை வாங்கியாகிவிட்டது. அதை மாட்டக் கம்பி பொருத்த வேண்டும். சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடிக்க வேண்டும். வாசலில் விளக்குச் சரம் தொங்கவிட நான்கு கொக்கிகள் தேவை. முன்பெல்லாம் இதற்கு ஓர் ஆளைக் கூப்பிடுவார்கள். இப்போது இணையத்தில் சொல்லி வைத்தால் பேட்டரியில் ஓடும் டிரில் பெட்டியோடு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அப்பாவே ஏணியில் ஏறிவிடுகிறார்.

நல்லதுதான். செலவு மிச்சம், நம் கையால் செய்தோம் என்ற திருப்தியும் உண்டு. ஆனால் அந்த அப்பாவின் கோலத்தைச் சற்றுப் பாருங்கள். கைலி, காலில் சிலிப்பர், கண்ணில் ஒன்றும் இல்லை! அவரே திங்கட்கிழமை காலையில் பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கோ, பாலம் கடந்து சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்கோ போகிறவராக இருக்கலாம். அங்கே பாதுகாப்புக் கண்ணாடியும் தகுந்த காலணியும் இல்லாமல் அவரை வேலையில் இறங்க விடமாட்டார்கள். நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. இருந்தும், ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுச் சுவரில் தானே ஓட்டை போடுகிறவரை எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. வீட்டில் அவரேதான் தொழிலாளி, அவரேதான் பாதுகாப்பு அதிகாரி.

வயர் செய்துவந்த வேலை

பேட்டரிக் கருவி புதிய சங்கதி அல்ல. அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-இலேயே வயர் இல்லாத டிரில்லை வெளியிட்டது. ஆனால் அன்றைய நிக்கல் காட்மியம் பேட்டரிகள் கனமானவை, சீக்கிரம் களைத்துப்போகும். லித்தியம் பேட்டரி வந்த பிறகுதான், 2005-ஐ ஒட்டி, இந்தக் கருவிகளுக்கு உண்மையான பலம் கிடைத்தது. இன்று வயர் உள்ள டிரில்லுக்கு ஈடாகவே இவை வேலை செய்கின்றன. பலம் கூடியது, எடை குறைந்தது. பார்த்தால் விளையாட்டுச் சாமான் போலவும் இருக்கிறது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

வயர் வெறும் மின்சாரத்தை மட்டும் கொண்டு வரவில்லை. ஆள் அறியாமல் ஒரு காவல் வேலையும் செய்துகொண்டிருந்தது. டிரில் பிட்டை மாற்ற வேண்டுமா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுவோம். வேலை முடிந்ததா? வயரைச் சுருட்டி வைப்போம். அதன் பிறகு குழந்தை எடுத்து விசையை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரிக் கருவிக்கு அந்த நிலையே கிடையாது. பேட்டரி உள்ளே இருக்கும் வரை, மேசை மேல் சும்மா கிடந்தாலும், அது பிளக் செருகி சுவிட்ச் போட்ட கருவிதான். எந்த நொடியிலும் ஓடும்.

ஆகவே பேட்டரியைக் கழற்றுவதைப் பிளக் பிடுங்குவதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். பிட், தட்டு, ரம்பம் எதை மாற்றினாலும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். எதிலாவது சிக்கி நின்றுவிட்டால், சிக்கலை எடுக்கும் முன் கழற்றுங்கள். பக்கத்து வீட்டு அங்கிள் இரவல் கேட்டால் கருவியை ஒரு கையிலும் பேட்டரியை மறு கையிலும் கொடுங்கள். அலமாரியில் வைக்கும்போதும் இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும். பெரும்பாலான டிரில்களில் முன்னும் பின்னும் சுழல மாற்றும் பொத்தானை நடுவில் நிறுத்தினால் விசை பூட்டிக்கொள்ளும். ஏணியில் ஏறி இறங்கும்போது அது உதவும். ஆனால் பிட் மாற்ற அது போதாது. விரல் பட்டால் பொத்தான் நகர்ந்துவிடும்.

18 வோல்ட்தானே!

“இது 18 வோல்ட்தான், ஷாக் அடிக்காது” என்பார்கள். கருவியைப் பொறுத்தவரை சரி. சுவருக்குள் ஓடுவது 230 வோல்ட் அல்லவா? நம் செங்கல் வீடுகளில் சுவிட்சுக்கும் சாக்கெட்டுக்கும் போகும் வயர்கள் சுவருக்குள் குழாயில் மறைந்திருக்கின்றன. பெரும்பாலும் அவற்றுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போகும். முன்பு குடியிருந்தவர் தன் வசதிக்குக் குறுக்காக இழுத்திருந்தால் அதுவும் தெரியாது. குளியலறைச் சுவரில் வெந்நீர் ஹீட்டர் வயரும் தண்ணீர்க் குழாயும் சேர்ந்தே இருக்கும். பிட்டின் உலோகம் வயரைத் தொட்டால், அது மாட்டியிருக்கும் உலோகப் பகுதி வரை மின்சாரம் வந்துவிடும். அதனால்தான் ரப்பர் பதித்த கைப்பிடியை மட்டும் பிடிக்கச் சொல்கிறார்கள்.

இதில் பேட்டரிக் கருவிக்கு ஓர் அருமையான வசதி உண்டு, பலர் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. வயர் உள்ள டிரில் ஓட வீட்டில் கரண்ட் இருந்தாக வேண்டும். பேட்டரி டிரில்லுக்குத் தேவையில்லை. பகல் வெளிச்சத்தில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுச் சுவரைத் துளைக்கலாம்! ஐந்து நிமிட வேலைக்கு மின்விசிறி நின்றால் என்ன குறைந்துவிடும்?

அப்படியே அந்த மெயின் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். வீடு முழுவதற்கும் 100 மில்லியாம்பியர் சாதனம் ஒன்று மட்டுமே இருந்தால், அது மனிதனைக் காப்பாற்றும் அளவு அல்ல. கையில் பிடிக்கும் மின்கருவிகளுக்கு 30 மில்லியாம்பியரில் துண்டிக்க வேண்டும் என்கின்றன நம் நாட்டின் 1994 மின்சார ஒழுங்குமுறைகள். பதிவு பெற்ற மின்பணியாளரைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்வது நல்லது.

நிலாவில் சிக்கிய டிரில்

1971-இல் அப்போலோ 15 விண்வெளி வீரர்கள் நிலாவின் மண்ணைத் துளைக்க பேட்டரி டிரில் ஒன்றைக் கொண்டுபோனார்கள். துளைத்த தண்டு மண்ணில் இறுகச் சிக்கிக்கொண்டது. டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து மல்லுக்கட்டித்தான் அதை வெளியே எடுத்தார்கள். பல மாதம் பயிற்சி எடுத்தவர்களுக்கே அந்தப் பாடு!

நம் வீட்டுச் சுவரிலும் பிட் சிக்கும். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி தட்டுப்பட்டால் பிட் சட்டென்று நின்றுவிடும். ஆனால் மோட்டார் நிற்காது. பிட் சுழல முடியாததால் டிரில் உடம்பே சுழலும், அதோடு மணிக்கட்டும் முறுக்கிக்கொள்ளும். நடுத்தர டிரில் ஒன்றின் முறுக்குவிசை 60 நியூட்டன் மீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும். பிட்டின் மையத்திலிருந்து கைப்பிடி 15 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், 40 கிலோ எடை ஒரே உலுக்கில் கையைத் திருப்புவதற்குச் சமம் அது. ஏணியில் நிற்பவரை அது கீழே தள்ளிவிடும். பெட்டிக்குள் பக்கவாட்டுக் கைப்பிடி ஒன்று இருக்கும், பலர் அதை வெளியே எடுப்பதே இல்லை. கான்கிரீட் என்றால் அதைப் பூட்டி இரு கையால் பிடியுங்கள். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். திருகாணி முடுக்கும்போது, டிரில் கழுத்தில் உள்ள எண் வளையத்தைக் குறைந்த எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். அளவு மீறினால் அது தானே நழுவிவிடும்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் கோயிலில் கட்டிய கயிற்றை மணிக்கட்டிலிருந்து மாதக்கணக்கில் அவிழ்ப்பதில்லை. சுழலும் பிட்டில் அந்தக் கயிறு மாட்டினால் கையையே இழுத்துவிடும். துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, நீண்ட கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே கதி. டிரில் ஓட்டும்போது தொளதொளவென்ற கையுறையும் வேண்டாம். கயிற்றை அவிழ்க்க மனம் இல்லையென்றால், மேலே இறுக்கமான சட்டைக் கையை இழுத்துப் பொத்தான் போடுங்கள்.

சுவர்த் தூசியில் சிலிகா உண்டு. முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுப்பது நல்லது. மிகப் பழைய வீட்டின் சீலிங் தட்டிகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதைத் துளைப்பதோ அறுப்பதோ கூடாது.

கிரைண்டர்

நம் வீடுகளில் கிரைண்டர் என்றால் மாவு அரைப்பது. இது வேறு கிரைண்டர், வீட்டுக் கருவிகளில் ஆக ஆபத்தானது. 100 மில்லிமீட்டர் தட்டு நிமிடத்துக்கு 8,500 முறை சுழல்கிறது என்றால், அதன் விளிம்பின் வேகம் மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கூட 110-க்கு மேல் போகக்கூடாது! அந்த வேகத்தில் தட்டு உடைந்தால் துண்டு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. தட்டை மூடியிருக்கும் இரும்புக் கவசம் அதற்காகத்தான் இருக்கிறது. “இடைஞ்சலாக இருக்கிறது” என்று அதைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. மரம் அறுக்கும் பல் உள்ள தட்டைக் கிரைண்டரில் மாட்டுகிறவர்களும் உண்டு. அதன் பல் மரத்தில் கடித்தால் கருவி முகத்தை நோக்கித் துள்ளும். இது ஒருபோதும் செய்யக்கூடாத வேலை.

வெட்டும் தட்டுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் அச்சிட்டிருக்கும். ஜொகூரின் ஈரக்காற்றில் அஞ்சடிப் படிக்கட்டுக்குக் கீழே வருடக்கணக்கில் கிடந்த தட்டை நம்ப வேண்டாம். தீப்பொறி பறக்கும் திசையில் கேஸ் தோங், பெயிண்ட் டின் எதுவும் இருக்கக்கூடாது. சாதாரண மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது; பக்கமும் மூடியது வேண்டும். ஹார்ட்வேர் கடையில் விலை அதிகமில்லை.

அண்மைக் காலமாக ஒரு கையால் பிடிக்கும் குட்டிச் சங்கிலி ரம்பமும் பரவலாகிவிட்டது. முருங்கைக் கிளையை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் அறுக்கத் தோன்றும். அந்த இடது கைதான் முதலில் மாட்டும்.

பேட்டரியின் குணம்

லித்தியம் பேட்டரியை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் அடிபட்டாலும், அளவுக்கு மீறிச் சூடானாலும், தரக்குறைவாகச் செய்திருந்தாலும் அது தனக்குத் தானே சூடேறி, எரியும் வாயுவைக் கக்கித் தீப்பிடிக்கும்.

வாங்கும்போதே கணக்குப் பார்க்கலாம். ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட். ஐந்து சேர்ந்தால் 18 வோல்ட். முழுதாக ஏற்றியவுடன் அது 20-ஐச் சற்றுத் தாண்டும். அதனால் அதையே “20 வோல்ட்” என்று விற்பவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றுதான். இணையக் கடைகளில் 48, 98 என்று பெரிய எண்களைப் போட்டிருக்கிறார்களே? உண்மையிலேயே 98 வோல்ட் வேண்டுமானால் 27 செல்கள் வேண்டும். செல்களே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். உள்ளங்கை அளவு பேட்டரியில் அது எப்படி அடங்கும்? எண்ணில் இப்படி விளையாடுகிறவர், உள்ளே இருக்க வேண்டிய பாதுகாப்புச் சுற்றுக்கு மட்டும் செலவு செய்திருப்பாரா? சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முனை பிளக்கை மூன்று துளை சாக்கெட்டில் பேனா முனையால் நெம்பிச் செருகும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பழைய நிக்கல் பேட்டரிகளை முழுவதும் தீரவிட்டு ஏற்ற வேண்டும் என்பார்கள். லித்தியத்துக்கு அது வேண்டாம். வேலை முடிந்ததும் கையைச் சுடும் பேட்டரியை உடனே சார்ஜில் போடக்கூடாது, ஆறட்டும். எல்லோரும் தூங்கும் இரவிலோ, மெத்தை, சோபா மேலோ, வாசல் கதவு ஓரத்திலோ சார்ஜ் செய்ய வேண்டாம். வாசலோரத்தில் தீப்பிடித்தால் வெளியே ஓட வழி இருக்காது. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். திருகாணிகளோடு ஒரே பெட்டியில் போட்டால் உலோகம் முனைகளை இணைத்துவிடும். கூடவே வரும் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு வையுங்கள்.

பேட்டரி உப்பினால், கசிந்தால், வித்தியாசமான வாடை வந்தால் மறுபடி ஏற்றக்கூடாது. புகை வந்தால் கையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வீட்டார் எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 999-க்கு அழையுங்கள், பொம்பா வரும்.

காயம் பட்டால்? ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். விரல் துண்டாகிவிட்டால் துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப் போங்கள். ஐஸ் துண்டின் மேல் நேராகப் படக்கூடாது. கண்ணில் இரும்புத் துணுக்கு குத்தினால் தேய்க்காமல், பிடுங்காமல், காகிதக் குவளையால் மூடி மருத்துவமனைக்குப் போங்கள். சில நேரம் வலியே இருக்காது. “சரியாகிவிட்டது” என்று வீட்டிலேயே இருந்துவிட்டுப் பார்வையை இழந்துவிடக்கூடாது.

ஆயுள் முடிந்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். லோரி குப்பையை நசுக்கும்போது அது தீப்பற்றும். உலோக முனைகளில் டேப் ஒட்டி, தனியாக வைத்திருந்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.