முதுகில் கட்டி... தலைக்கு எதுக்கு ஸ்கேன்?

பக்கத்து சீட் நண்பனுக்கு ஆறு மாசமாக முதுகுவலி. ‘நாற்காலியை மாத்துடா’ என்று கிண்டலடித்தோம். படுத்தால் வலி ஜாஸ்தி, கால் மரத்துப் போகுது என்றான். யாரும் காதில் வாங்கவில்லை, நான் உள்பட. கடைசியில் ஸ்கேன் எடுத்தால், தண்டுவடத்துக்குள்ளேயே கட்டி! எபெண்டிமோமாவாம்.

தலையையும் ஸ்கேன் பண்ணச் சொன்னார் டாக்டர். “முதுகுலதானே சார் கட்டி?” என்றேன் அசட்டுத்தனமாக.

பொறுமையாக விளக்கினார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரே நீர்தான் ஓடுகிறது. மொத்தமே 150 மில்லி, ஒரு டம்ளர் காபி அளவு. தினம் அரை லிட்டர் புதுசாகச் சுரக்க, பழையது ரத்தத்தில் கலந்துவிடும். கட்டியிலிருந்து உதிரும் செல்கள் அதில் மிதந்து போய் மூளையின் உறையில் ஒட்டிக்கொள்ளலாம். அபூர்வம்தான். ஆனால் ஒட்டி, நீரோட்டம் அடைபட்டால் தலைவலி, வாந்தி.

இந்த வகைக் கட்டிகளில் பெரும்பாலானவை சாது. எம்ஒய்சிஎன் என்ற ஜீன் பெருகியிருப்பது மட்டும் பொல்லாதது, சீக்கிரம் பரவும். உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி வகையாகச் சேர்த்ததே 2021-ல்தான்.

நண்பனின் தலை ஸ்கேன் சுத்தம். ஆபரேஷனில் எடுத்த துணுக்கு லேபுக்குப் போயிருக்கிறது.

நேற்று பார்க்கப் போனேன். “என் நாற்காலில எவன்டா உக்காந்திருக்கான்?” என்றான்.

யாரும் உட்காரவில்லை.