எடையைக் குறைச்சாச்சு, சரி... அதைத் தக்க வைக்க பட்ஜெட் போட்டாச்சா?

சின்ன வயசுல இருந்தே "குண்டு"ன்னு பேர் வாங்கி, வேலைக்குப் போன பிறகு ஒரு வழியா 25, 30 கிலோ குறைச்சிருக்கீங்களா? முதல்ல கை குடுங்க. அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஆனால் ஒரு ஆடிட்டரா எனக்கு வர்ற கேள்வி வேற. குறைச்ச எடை திரும்ப ஏறாம இருக்க மாசம் எவ்வளவு ஒதுக்கி வச்சிருக்கீங்க?

கம்பெனி கணக்குல செலவை ரெண்டா பிரிப்போம். மெஷின் வாங்குறது கேபிடல் செலவு. அதுக்கு ஆகுற கரண்ட், சர்வீஸ் எல்லாம் ரெவென்யூ செலவு. மெஷின் ஓடுற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். எடைக் குறைப்பைப் பலரும் கேபிடல் செலவா எழுதிடறாங்க. மூணு மாச பேக்கேஜுக்கு மொத்தமா கட்டி, டார்கெட் வந்ததும் ஃபைலை மூடிடறாங்க. உண்மையில் அது ரெவென்யூ செலவு.

உடம்பு போடுற கணக்கு

அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற டிவி போட்டியில் எடை குறைத்த 14 பேரை, 6 வருஷம் கழிச்சு ஆராய்ச்சியாளர்கள் பரிசோதிச்சாங்க. முடிவு 2016-ல் வெளியானது. சராசரியா 58 கிலோ குறைச்சவங்களுக்கு, அதில் 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. சும்மா இருக்கும்போது அவங்க உடம்பு எரிக்கிற கலோரி, அந்த எடைக்கு எதிர்பார்க்கிற அளவைவிட ஒரு நாளைக்கு சுமார் 500 குறைவு. கிட்டத்தட்ட ஒரு வேளை சாப்பாடு!

அது ரொம்ப வேகமா எடை குறைச்ச கூட்டம்தான். இருந்தாலும் விஷயம் ஒண்ணுதான்: எடை திரும்ப ஏறுதுன்னா அது உங்க சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. உடம்பு பழைய எடைக்குத் திரும்பப் பார்க்குது. அதனால உங்களைத் திட்டிக்காம, திட்டம் போடுங்க.

நல்ல செய்தியும் இருக்கு. 1994-ல் தொடங்கின அமெரிக்கப் பதிவேடு ஒண்ணு, எடையைக் குறைச்சு தக்க வச்சவங்களைத் தொடர்ந்து கவனிக்குது. அவங்கள்ல பெரும்பாலானவங்க தினமும் சராசரியா ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்றாங்க, காலைச் சாப்பாட்டை விடுறதில்லை, வாரம் ஒரு தடவையாவது எடை பார்க்கிறாங்க. 2 முதல் 5 வருஷம் தாக்குப் பிடிச்சவங்களுக்கு, அதுக்கப்புறமும் தக்க வைக்கிற வாய்ப்பு நல்லாவே கூடுது. ஆகவே உங்க பட்ஜெட் 5 வருஷத்துக்கு இருக்கணும்.

இப்போ செய்ய வேண்டியது

1. 5 வருஷக் கேள்வி: எதுக்குப் பணம் கட்டும் முன்னாடியும் "இதை 60 மாசம் கட்ட முடியுமா?"ன்னு கேளுங்க. எடை குறைக்கும் ஊசி மாசம் 10,000 ரூபாய்னு வச்சா, 5 வருஷத்துக்கு 6 லட்சம். செமாக்ளூடைட் ஆய்வில், மருந்தை நிறுத்தின ஒரு வருஷத்துல குறைந்த எடையில் மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிடுச்சு. ஊசி வேணுமா வேண்டாமான்னு டாக்டர் சொல்லட்டும். தொடர்ந்து கட்ட முடியுமான்னு நீங்க கணக்குப் போடுங்க.

2. தனி வரி: பட்ஜெட்ல "மற்றவை"க்குள்ள தள்ளாதீங்க. ஷூ, ஜிம், முட்டை, பயறு, வருஷாந்திர ரத்தப் பரிசோதனை எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தலைப்பு. தொகை சின்னதா இருக்கலாம். நிற்காம போகணும், எஸ்ஐபி மாதிரி.

3. ஸ்டாப் லாஸ்: வாரம் ஒரே நாள், ஒரே நேரத்துல எடை பாருங்க. 3 கிலோ ஏறினா உடனே டாக்டரையோ டயட்டீஷியனையோ பாருங்க. 3 கிலோவை இறக்குறது 20 கிலோவை இறக்குறதைவிட சுலபம், செலவும் கம்மி.

4. இன்ஷூரன்ஸ்: ஆபீஸ் பாலிசி வேலையோட போயிடும். எடை கட்டுக்குள்ள இருக்கும்போதே சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுங்க. சுகர், பிபி, எடை குறைப்பு ஆபரேஷன் எது இருந்தாலும் மறைக்காம எழுதுங்க; மறைச்சா கிளெய்ம் நேரத்துல அடி விழும். "இப்போ நல்லா இருக்கேனே"ன்னு பழைய பாலிசியை விட்டுடாதீங்க. முடிச்ச காத்திருப்புக் காலம் வீணாயிடும்.

5. வரி: ஜிம் கட்டணத்துக்கு வரிக் கழிவு கிடையாது. பழைய வரி முறையில் இருந்தா, 25,000 ரூபாய் மருத்துவக் காப்பீட்டுக் கழிவுக்குள்ள 5,000 வரை முழு உடல் பரிசோதனைக்கு எடுத்துக்கலாம்.

அடுத்த சம்பளம் வந்ததும் இந்தத் தலைப்புக்கு 500 ரூபாயாவது ஒதுக்குங்க. எடை குறைச்சது பெரிய வேலை. அதைக் காப்பாத்துறதும் வேலைதான். அதுக்கும் மாசாமாசம் சம்பளம் கொடுக்கணும்.