கார் சஸ்பென்ஷன் மேம்பாடு

சஸ்பென்ஷன் என்பது காரின் எடையைத் தாங்குவதோடு, மேடுபள்ளங்களிலும் டயர்கள் தரையை விட்டு எழாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பாகும். அன்றாடம் ஓட்டும் காரையே சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடங்களுக்கு எப்போதாவது கொண்டு செல்வோர், இதை மாற்றியமைப்பதுண்டு.

பந்தயத் தடம் பெரும்பாலும் சமதளமானது. அங்கு விறைப்பான சுருள்வில், வளைவுகளில் கார் சாய்வதைக் குறைக்கும். அதே வில் குண்டும் குழியுமான சாலையில் சக்கரத்தைத் துள்ளச் செய்யும். துள்ளும் டயருக்குப் பிடிமானம் குறைவு. பிரேக் பிடித்தபின் கார் நிற்கும் தூரம் கூடிவிடும்.

எனவே முதலில் தேய்ந்த டயர், ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை மாற்றுவது நல்லது. அதன்பின் சற்றே விறைப்பான வில்லையும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே பொருத்த வேண்டும். வில்லை மட்டும் மாற்றினால், அதன் அதிர்வைப் பழைய ஷாக் அப்சார்பரால் அடக்க இயலாது. உயரத்தைக் குறைக்க வில்லை வெட்டுவது ஆபத்தானது; சக்கரம் கீழிறங்கும்போது வில் தன் இடத்தை விட்டு நழுவக்கூடும்.

தடித்த ஆன்டி ரோல் பார் சாய்வைக் குறைக்கும். இரு சக்கரங்களும் ஒருசேர ஏறும் வேகத்தடையில் சொகுசு கெடாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் குலுக்கல் மறுபக்கமும் பரவும். உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில்ஓவர், தடத்துக்கு அடிக்கடி செல்வோருக்கே பயன் தரும்.

எந்த மாற்றத்துக்குப் பின்னும் வீல் அலைன்மென்ட் செய்வது கட்டாயம். இல்லையேல் டயர்கள் ஒருபக்கமாகத் தேயும்.