குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு முன் எடையைக் குறைக்கச் சொல்வது ஏன்?

“தொப்புளருகே புடைப்பு என்று வந்தால், எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்கிறீர்களே” என்று எங்கள் வெளிநோயாளர் பிரிவில் பலர் வருத்தத்துடன் கேட்பதுண்டு. அந்த வருத்தம் நியாயமானதே. அதற்கான காரணத்தை இங்கே விளக்குகிறோம்.

வயிற்றுச் சுவர் வலுவிழந்த இடத்தின் வழியே கொழுப்போ குடலோ வெளியே தள்ளி வருவதே குடலிறக்கம். வயிற்றினுள் கொழுப்பு மிகும்போது உள்ளழுத்தம் எப்போதும் உயர்ந்தே இருக்கும். இருமலும், மலம் கழிக்க முக்குவதும் அதனை மேலும் கூட்டும். அப்போது இயல்பாகவே மெலிந்த தொப்புள் பகுதியும், முந்தைய அறுவை சிகிச்சைத் தழும்பும் எளிதில் விரிவடைகின்றன.

அறுவை சிகிச்சையில் அத்திறப்பை மூடி, பெரும்பாலும் செயற்கை வலை பொருத்தி வலுவூட்டுகிறோம். அதே அழுத்தம் நீடித்தால் குடலிறக்கம் மீண்டும் தோன்றக்கூடும். தோலுக்கடியில் உள்ள தடித்த கொழுப்பில் இரத்த ஓட்டம் குறைவு; ஆதலால் காயத்தில் நீர் கோப்பதும் சீழ் பிடிப்பதும் மிகுதி. தொற்று வலையைப் பற்றினால், சிலருக்கு அதனை அகற்ற மறு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் இருமடியால் வகுத்தால் உடல் நிறைக் குறியெண் கிடைக்கும். 160 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உடையவருக்கு அது ஏறத்தாழ 35. குறியெண் 30-ஐக் கடந்தபின் மேற்கூறிய ஆபத்துகள் படிப்படியாக உயர்கின்றன. இவருக்கு அவசரமில்லை எனில், முதலில் 5 முதல் 9 கிலோ வரை குறைக்க முயலுமாறு கூறுவோம். அந்த அளவே சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சீராக்க உதவும்.

பட்டினி வேண்டாம், காயம் ஆறப் புரதம் தேவை. சோற்றைக் குறைத்து, பருப்பு, முட்டை, காய்கறி, கீரை ஆகியவற்றைக் கூட்டுங்கள். நாள்தோறும் நடங்கள், பளு தூக்காதீர்கள். புகைப்பழக்கத்தை அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே கைவிடுங்கள். வீட்டில் அனைவரும் ஒரே உணவை உண்டால் நோயாளிக்கு இது எளிதாகும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். புடைப்பு உள்ளே செல்லாமல் கெட்டியாதல், கடும் வலி, வாந்தி, வாயுவோ மலமோ வெளியேறாமை, புடைப்பின் மேல் தோல் சிவத்தல் அல்லது கறுத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், குடல் சிக்கி இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். புடைப்பை அழுத்தித் தள்ள முயலாமல், எதுவும் உண்ணாமல், நள்ளிரவாயினும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அந்நேரத்தில் எடையைக் காரணம் காட்டி நாங்கள் சிகிச்சையைத் தள்ளிவைக்க மாட்டோம்.